ஏரிக்கரை தாது டாக்குக்கு யார்டு மட்டும் மலை மேல் ஏன்? டுலூத், ப்ராக்டர் பற்றி ஒரு கேள்வி

மண்டபம் மீட்டர்கேஜ்:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். ரயில் விஷயம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று வந்தேன்.

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில் படிக்கிறான். மின்னசோட்டா மாநிலம், சுப்பீரியர் ஏரிக்கரை. எனக்கு ரயில் என்றால் உயிர் என்று அவனுக்குத் தெரியும், அதனால் அங்குள்ள இரும்புத் தாது டாக்கைப் படம் எடுத்து அனுப்பினான். கரையிலிருந்து குடாவுக்குள் 700 மீட்டர் நீண்டு போகிற இரும்புக் கட்டடம், அதன் முதுகில் தண்டவாளம், விலாவை ஒட்டிக் கப்பல். சின்ன வயதிலிருந்து பாம்பன் பாலத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான், இருந்தாலும் அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

டாக்கைப் பற்றித் தேடினால் படமும் தகவலும் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அதற்கு வண்டி அனுப்பும் யார்டு, அதாவது வேகன்களை நிறுத்திப் பிரித்துக் கோக்கும் இடம், பக்கத்தில் இல்லை. சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, மலை மேல், ப்ராக்டர் என்ற ஊரில் இருக்கிறது. இது ஏன் என்பதுதான் என் கேள்வி. கப்பல் கீழே நிற்கும்போது வேகனை எல்லாம் மேலே கொண்டு போய் நிறுத்தி வைப்பது எனக்குப் புரியவில்லை. அங்கே என்ன வேலை நடந்தது, யார் ஆரம்பித்தது, இப்போதும் ஓடுகிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு ஆர்வம் என்றும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா தனுஷ்கோடியில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தில் வண்டியைத் திருப்பி விடுகிறவராக இருந்தவர், புயலுக்கு முன்பே மாற்றலாகிப் பாம்பன் வந்துவிட்டார். அங்கே வண்டி பியருக்கே, கப்பல் கட்டும் மேடைக்கே, போய்விடும், கப்பல் பக்கத்தில் நிற்கும், ஷண்டிங் எல்லாம், பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கிற வேலை, அந்த மணல் திட்டிலேயே நடக்கும் என்பார். இன்று தனுஷ்கோடி போகிறவர்கள் இடிந்த கோயிலையும் சர்ச்சையும் படம் எடுக்கிறார்கள், சரி, எடுக்கட்டும். ஆனால் அந்தத் தண்டவாளங்களுக்கு நடுவில் ராத்திரி விளக்கோடு நின்றவர்கள் செய்த வேலையை யாரும் கேட்பதில்லை. அதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் யார்டைப் பற்றி என்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.


பரமக்குடி தண்டவாளம்:

தம்பி, அருமையான கேள்வி. அமெரிக்கத் தாது ரயில்களைப் பற்றிப் பல வருடமாகப் படித்து வருகிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வரலாறு. டுலூத்துக்கு வடக்கே மெசாபி என்ற நிலப்பகுதியில் 1890 நவம்பரில் மெரிட் சகோதரர்களின் ஆட்கள் இரும்புத் தாதுவைக் கண்டுபிடித்தார்கள். மவுண்டன் அயர்ன் என்ற இடம். அது பாறை மாதிரி கெட்டியான தாது இல்லை, மேல்மண்ணை எடுத்தால் கீழே சிவப்பாகப் பொடியாகக் கிடந்தது, சுரங்கம் தோண்டாமல் நீராவி மண்வாரியை வைத்தே அள்ளலாம். ஆனால் ஏரிக்குக் கொண்டு வர ரயில் வேண்டுமே. இருந்த ரயில் கம்பெனிகள் கை கொடுக்காததால் மெரிட் சகோதரர்கள் 1891இல் டுலூத், மிசாபி அண்ட் நார்தர்ன் என்று சொந்தமாகவே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1892 அக்டோபரில் முதல் தாது வெளியே வந்தது, ஆனால் அது இன்னொரு கம்பெனியின் பாதை வழியாக, எதிர்க்கரையில் விஸ்கான்சின் மாநிலத்து சுப்பீரியர் ஊரின் டாக்குக்குப் போனது. அடுத்த வருடமே, 1893இல், டுலூத் வரை சொந்தப் பாதையும் சொந்த மர டாக்கும் தயார். ப்ராக்டர் யார்டின் கதை அங்கே ஆரம்பிக்கிறது.

அதே 1893இல் அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி. பாதை போடவும் டாக் கட்டவும் வாங்கிய கடன் மெரிட் குடும்பத்தை அமுக்கியது. ராக்ஃபெல்லரிடம் பணத்துக்குப் போனார்கள், கடைசியில் ரயில், சுரங்கம் எல்லாமே அவர் கைக்குப் போய்விட்டது. காட்டுக்குள் அலைந்து தாதுவைக் கண்டுபிடித்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். 1901இல் யு.எஸ். ஸ்டீல் உருவானபோது எல்லாம் அதற்குள் போனது. கிழக்கே டூ ஹார்பர்ஸ் என்ற துறைமுகத்துக்கு 1884 முதலே தாது கொண்டு வந்த டுலூத் அண்ட் அயர்ன் ரேஞ்ச் என்ற இன்னொரு ரயிலும் அதே குடைக்குள் வந்தது. 1937-38இல் இரண்டும் சேர்ந்து டுலூத், மிசாபி அண்ட் அயர்ன் ரேஞ்ச் ஆனது. ரயில் ரசிகர்கள் மிசாபி என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

இப்போது உங்கள் கேள்வி. டுலூத் ஊரின் வரைபடத்தைப் பாருங்கள். ஏரியை ஒட்டி ஒரு ஒல்லியான சமதரை, உடனே மலைச்சரிவு. நூற்றுக்கணக்கான வேகன்களை வரிசையாக நிறுத்தக் கீழே இடமே கிடையாது. மேலே ஏறிவிட்டால் தட்டையான நிலம். ஏரியிலிருந்து சுமார் 600 அடி உயரத்தில் அந்தச் சமதரை தொடங்கும் இடம்தான் ப்ராக்டர். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. கப்பலில் தாதுவை ஏற்றுவதற்கு அவர்கள் கிரேனை நம்பவில்லை, புவியீர்ப்பை நம்பினார்கள். டாக்கின் மேல்தளம் தண்ணீரிலிருந்து சுமார் 80 அடி உயரம். வேகன் மேலே போய் நிற்கும், அடிக்கதவைத் திறந்தால் தாது கீழே உள்ள தொட்டியில் விழும், தொட்டியின் கதவைத் திறந்தால் இரும்புச் சரிவு வழியாகக் கப்பலுக்குள் போகும். ஆகவே வேகன் எப்படியும் 80 அடி உயரத்துக்கு வந்தாக வேண்டும். யார்டு ஏரிக்கரை மட்டத்தில் இருந்தால் ஒவ்வொரு பார வண்டியையும் மேலே இழுக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்தால் சரிவு முடிவதற்கு முன்பே டாக்கின் உயரத்தில் இருப்பீர்கள். பாரம் இறங்கும், காலி ஏறும். நிலக்கரி மிச்சம்.

மூன்றாவதுதான் யார்டின் உயிர்: ரகம் பிரித்தல். தாது எல்லாம் ஒன்று போல இருக்காது. ஒரு சுரங்கத்தில் இரும்பு கூட, இன்னொன்றில் பாஸ்பரஸ் கூட, வேறொன்றில் மணலும் ஈரமும் கூட. எஃகு ஆலைக்காரன் எனக்கு இவ்வளவு இரும்பு, இவ்வளவுக்கு மேல் பாஸ்பரஸ் கூடாது என்று கணக்குச் சொல்வான். சுரங்கத்தில் வேகன் நிரம்பும்போதே மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்குப் போகும், அந்த முடிவை வைத்து ப்ராக்டரில் வேகன்களை எடை போட்டு, ரகவாரியாகப் பிரித்து, எந்தக் கப்பலுக்கு எந்த வேகன் எந்த வரிசையில் போக வேண்டும் என்று கோப்பார்கள். நம் ராமேஸ்வரம் கரையில் மீன் இறங்கியதும் ரகம் ரகமாகக் கூடையில் பிரித்த பிறகுதானே ஏலம், அது மாதிரி. கப்பலின் வயிற்றில் போய் விழும்போது சரியான கலவையாகி இருக்கும். அந்தக் கலவையைத் தீர்மானித்தது யார்டு மாஸ்டரின் மேசையும் ஷண்டிங் ஆட்களும். டாக்கைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னது அங்கேயும் அப்படியேதான்.


ராமேஸ்வரம் தீவுக்காரன்:

நல்ல விளக்கம் அண்ணே. ஒன்று மட்டும் கேட்கிறேன், வேகனிலிருந்து நேராகக் கப்பலுக்குள் கொட்டினால் ஆகாதா? நடுவில் தொட்டி எதற்கு? அப்புறம் அந்த டாக்கில் எத்தனை தொட்டி இருக்கும்?


கீழக்கரை கடலோடி:

இதற்கு நான் பதில் சொல்லலாம். சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், டுலூத் துறைமுகத்துக்குத் தானியம் ஏற்றப் போயிருக்கிறேன். செயின்ட் லாரன்ஸ் நதிவழி 1959இல் திறந்த பிறகு நம்மைப் போன்ற கடல் கப்பல்களும் கப்பலை நீர்மட்டத்தோடு உயர்த்தும் மடைகளில் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி அந்த ஏரி வரைக்கும் போகலாம். நமக்கு அங்கே பெரும்பாலும் கோதுமைதான். தாது ஏற்றுவது ஏரியிலேயே ஓடும் கப்பல்கள். அவை கடலுக்கு வருவதில்லை, ஒல்லியாக நீளமாக இருக்கும். 1972 முதல் 1000 அடி நீளக் கப்பல்களே வந்துவிட்டன.

தொட்டி எதற்கு என்றால், கப்பல் காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். ரயில் வருகிற நேரமும் கப்பல் வருகிற நேரமும் ஒத்துப் போகாது. கப்பல் வருவதற்கு முன்பே தொட்டிகளில் பல வேகன் தாதுவை நிரப்பி வைத்துவிட்டால், கப்பல் கட்டியதும் கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும், ஏரிகளுக்கு நடுவில் உள்ள சூ மடைகளை இப்போதும் ஜனவரி நடுவில் மூடி மார்ச் கடைசியில்தான் திறக்கிறார்கள். வருடத்தில் கிடைக்கிற மாதங்களில் முழுத் தாதுவையும் கடத்தியாக வேண்டும் என்றால் ஒரு மணி நேரம்கூடப் பணம்தான்.

எண்ணிக்கை கேட்டீர்கள். அங்கே 6ஆம் எண் டாக், 1918இலிருந்து வேலை செய்வது, 2304 அடி நீளம். பக்கத்துக்கு 192, மொத்தம் 384 தொட்டி. 192ஐ 12ஆல் பெருக்கிப் பாருங்கள், 2304 வரும். 12 அடிக்கு ஒரு தொட்டி. தாது வேகனின் நீளம் 24 அடி, சரியாக இரண்டு தொட்டி. ஏரிக் கப்பல்களின் மேல்தளத்து வாய்களையும் 12 அடிக்கு ஒன்று அல்லது 24 அடிக்கு ஒன்று என்றுதான் வைத்தார்கள், இரும்புச் சரிவை இறக்கினால் நேராக வாய்க்குள் போகும். சுரங்கத்து வேகன், டாக், கப்பல் மூன்றும் ஒரே அளவுகோலில் வெட்டியது. எத்தனையோ துறைமுகம் பார்த்துவிட்டேன், இப்படிக் கப்பலும் ரயிலும் ஒரே ஆள் தைத்த மாதிரி பொருந்தியதை வேறெங்கும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் கரையோரத்துக்காரர்களுக்கு இதுதான் உறைக்கும். அது நன்னீர் ஏரி. உப்பு கிடையாது. 1918இன் இரும்பு இன்னும் நிற்கிறது, ஏரிக் கப்பல்கள் கடல் கப்பலைவிடப் பல பத்தாண்டுகள் கூடுதலாக ஓடுகின்றன. நம் பாம்பனில் 1914இல் திறந்த பாலத்தின் இரும்பை உப்புக்காற்று தின்றுகொண்டே இருந்தது, வருடம் பூராவும் சுரண்டிப் பெயிண்ட் அடித்தும் 2022 டிசம்பரில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தாயிற்று.

ஆனால் காற்றில் அந்த ஏரி நம் கடலுக்குக் குறைந்தது இல்லை. நவம்பர் வந்தால் அங்குள்ள மாலுமிகள் முகமே மாறும். 1975 நவம்பர் 9ஆம் தேதி சுப்பீரியர் ஊர் டாக்கில் 26,000 டன்னுக்கு மேல் தாது உருண்டை ஏற்றிக்கொண்டு எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற கப்பல் புறப்பட்டது. மறுநாள் இரவு புயலில் மூழ்கியது, 29 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. 1964 டிசம்பரை மறக்காத ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.


ராமேஸ்வரம் தீவுக்காரன்:

நன்றி காக்கா. 12 அடிக் கணக்கைப் படித்துவிட்டு வேகன் படத்தை எடுத்துப் பார்த்தேன், மனுஷன் என்னமாக யோசித்திருக்கிறான்.


உச்சிப்புளி ஓய்வு கார்டு:

நான் வால்டேர் டிவிஷனில் கூட்ஸ் கார்டாக இருந்தவன். கிரந்தூல் – கொத்தவலசா லைன், ரயில்வேயில் கே.கே. லைன் என்போம். பைலடில்லா மலையின் இரும்புத் தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குக் கொண்டு வருவதற்காக, ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்யும் திட்டத்தில் 1960களில் போட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து 58 குகைகள். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

மலை இறக்கத்தில் தாது வண்டி என்பது சாதாரண விஷயம் இல்லை தம்பி. எங்கள் லைனில் 60க்கு 1, அதாவது 60 அடி போனால் 1 அடி இறக்கம். ப்ராக்டரிலிருந்து டாக் வரை நூற்றுக்கு 2.2 என்று படித்திருக்கிறேன், கணக்குப் போட்டால் 45க்கு 1 வருகிறது. எங்களுடையதைவிடச் செங்குத்து. எங்களுக்கு முன்னால் மின்சார இன்ஜின் மூன்று பூட்டுவார்கள், அதிலேயே இன்ஜின் மோட்டாரை வைத்து வேகத்தைப் பிடிக்கும் வசதி உண்டு. நீராவிக் காலத்தில் அவர்களுக்கு அது கிடையாது. காற்று பிரேக்கும் டிரைவரின் கையும்தான். ஒவ்வொரு வேகனிலும் 50, 70 டன் தாது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், கீழே ஏரி, நடுவில் ஊர். காற்றைச் செலவழித்துவிட்டு மறுபடி நிரம்ப நேரம் கொடுக்காவிட்டால் முடிந்தது கதை. மேலே ஒரு யார்டு இருப்பதற்கு இதுவும் காரணம் என்று அனுபவத்தில் சொல்வேன். இறக்கத்தின் தலையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு வேகனாகப் பார்த்து, பிரேக்கைச் சோதித்து, இறக்கத்துக்குத் தாங்குகிற அளவுக்குப் பிரித்துப் பூட்டி அனுப்பலாம். சமதரையில் வந்த நீள வண்டியை அப்படியே இறக்கக் கூடாது.

எவ்வளவு நீளம் என்றால், 1941லும் 1943லும் பால்ட்வின் கம்பெனி அவர்களுக்குக் கட்டிக் கொடுத்த யெல்லோஸ்டோன் வகைப் பெரிய நீராவி இன்ஜின்கள், மொத்தம் 18, ஒவ்வொன்றும் 180 வேகனுக்கு மேல் சுரங்கப் பக்கத்திலிருந்து ப்ராக்டர் வரை இழுத்தன. உலகப் போர் நேரம், டாங்கிக்கும் கப்பலுக்கும் எஃகு வேண்டும், அந்தத் தாதுவில் நிறைய இந்த யார்டு வழியாகத்தான் நகர்ந்தது.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. ஈரத் தாது வேகனிலேயே உறைந்து பாறையாகிவிடும். அடிக்கதவைத் திறந்தால் விழாது. யார்டில் நீராவிக் குழாயை வேகனுக்குள் செருகி இளக்குவார்கள். டாக் மேலே ஆட்கள் நீளக் கம்பியோடு நின்று ஒட்டிக்கொண்ட தாதுவைக் குத்தி விழ வைப்பார்கள், 80 அடி உயரத்தில், ஏரிக் குளிர்காற்றில், காலுக்கடியில் திறந்த தொட்டி. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் தாது களியாகி வேகனில் அப்பிக்கொள்ளும்போது எங்கள் ஆட்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன், அதனால் அந்த டாக் ஆட்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.


தங்கச்சிமடம் டீச்சர்:

நான் வரலாறு சொல்லிக் கொடுக்கிறவள். எல்லாரும் இரும்பைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், ஊரைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன்.

அந்த ஊர் பிறந்ததே யார்டால்தான். முதலில் ப்ராக்டர்நாட் என்று பெயர், கென்டக்கி மாநிலத்து எம்.பி. ஒருவரின் பெயர் அது. அவர் 1871இல் நாடாளுமன்றத்தில் டுலூத்தைக் கேலி செய்து பேசியவர், அந்தப் பேச்சாலேயே டுலூத் நாடெங்கும் தெரிந்த ஊராகிவிட்டது. பிறகு பெயர் சுருங்கி ப்ராக்டர் ஆயிற்று. இன்ஜின்களை நிறுத்தும் வட்டக் கொட்டகையான ரவுண்ட்ஹவுஸ், வேகன் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப், எடை மேடை, குடும்பங்கள் எல்லாம் யார்டைச் சுற்றி. தாது நிலத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் பின்லாந்து, ஸ்லோவேனியா, இத்தாலி, சுவீடன் என்று பல தேசத்துக்காரர்கள். ஏரி உறைந்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் பலருக்கு வேலை நிற்கும், வசந்தத்தில் முதல் கப்பலுக்காக ஊரே காத்திருக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு புரியும்.

மண்டபம் தம்பி, உங்கள் தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். அங்கே யார்டின் வரலாறு மிஞ்சியதற்குக் காரணம், யார்டு மிஞ்சியது. கம்பெனி ஆவணம், ஊர் அருங்காட்சியகம், ஓய்வு பெற்றவர்களின் நினைவு எல்லாம் ஓரிடத்தில் கிடந்தன. தனுஷ்கோடியில் 1914 முதல் ஐம்பது வருடம் படகு மெயில் என்ற ரயிலும் இலங்கைத் தலைமன்னாருக்குக் கப்பலும் நடந்தன, எக்மோரில் டிக்கெட் எடுத்தால் கொழும்பு வரை போகலாம், அவ்வளவு பெரிய ஏற்பாடு. 1964 டிசம்பர் 22 இரவு கடல் ஏறியபோது பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி பயணிகளோடு போனது, ஸ்டேஷன், பியர், சுங்க அலுவலகம், லைன் வீடுகள் எல்லாம் போயின. காகிதமும் அதோடு போயிற்று. ஆகவே நமக்கு இருப்பது மனிதர்கள் சொல்வது மட்டும்தான். அங்கே வேலை பார்த்தவர்கள் இன்று இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். பாம்பன், மண்டபம், ராமநாதபுரம் ரயில்வே குடும்பங்களில் போய் உட்காருங்கள். லைன் எத்தனை, எது எங்கே திரும்பியது, தண்ணீர் வண்டி எங்கே நின்றது, சரக்கை யார் தூக்கினார்கள், ஷண்டிங் விளக்கை எப்படிக் காட்டினார்கள் என்று கேளுங்கள். புயலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். புயலைப் பற்றி எல்லாரும் கேட்டுவிட்டார்கள், வேலையைப் பற்றித்தான் யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலேயே தாத்தாவின் பாஸ், சர்வீஸ் காகிதம், பழைய படம் இருந்தால் முதலில் அதைப் பத்திரப்படுத்துங்கள்.


மண்டபம் மீட்டர்கேஜ்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. டீச்சரக்கா சொன்ன கேள்விகளை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். பாம்பனில் தாத்தாவோடு வேலை பார்த்தவரின் குடும்பம் இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பியரில் வண்டி நிற்கும் வரிசையைத் தாத்தா மணலில் கோடு போட்டுக் காட்டுவார். எனக்கு நினைவிருக்கிற வரை அதை ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போனால் அவர்கள் திருத்திச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

கீழக்கரை காக்கா, உப்பில்லாத தண்ணீர் என்ற விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, படத்தில் அந்த இரும்பு ஏன் அவ்வளவு தெளிவாக நிற்கிறது என்று இப்போது புரிகிறது.

பரமக்குடி அண்ணே, இரண்டு கேள்வி பாக்கி. ப்ராக்டர் யார்டு இப்போது எப்படி இருக்கிறது? அப்புறம் அண்ணன் மகன் அங்கே போனால் எதைப் பார்க்க வேண்டும்?


பரமக்குடி தண்டவாளம்:

யார்டு இருக்கிறது, வண்டி ஓடுகிறது, ஆனால் பழைய வேலை இல்லை. காரணம் தாதுவே மாறிவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் நல்ல சிவப்புத் தாதுவில் பெரும்பகுதியை அள்ளிவிட்டார்கள். மிச்சம் இருந்தது டாக்கனைட் என்ற கெட்டிப் பாறை, அதில் இரும்பு குறைவு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிஸ் என்ற பேராசிரியர் பல வருடம் உழைத்து, அந்தப் பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பை இழுத்து, கோலிகுண்டு அளவு உருண்டையாகச் சுட்டு எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். 1950களில் பெரிய ஆலைகள் வந்தன, 1967இல் யு.எஸ். ஸ்டீலின் மின்டாக் ஆலையும் வந்தது. உருண்டை எல்லாம் ஆலையிலேயே ஒரே தரம். அப்புறம் ரகம் பிரிக்க யார்டு எதற்கு? சுரங்கத்துக்குச் சுரங்கம் வேறுபடும் தாதுவைக் கோத்துக் கலவை செய்ததுதான் ப்ராக்டரின் பெரிய வேலை, அது ஆலைக்குள் போய்விட்டது. உருண்டை ஈரமாக அப்பிக்கொள்வதும் இல்லை, குளிர்காலத்தில் தரையில் குவித்து வைத்துப் பிறகு கன்வேயர் பெல்ட்டில் ஏற்றலாம். 2004 முதல் அந்த ரயில் கனேடியன் நேஷனல் கம்பெனியிடம் இருக்கிறது.

பார்க்க வேண்டியது: 18 யெல்லோஸ்டோனில் மூன்று மிஞ்சியிருக்கின்றன. 225ஆம் எண் ப்ராக்டரிலேயே திறந்தவெளியில் நிற்கிறது, பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 227 டுலூத் பழைய ஸ்டேஷனில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில். 229 டூ ஹார்பர்ஸில். நேரம் கிடைத்தால் டூ ஹார்பர்ஸ் போகச் சொல்லுங்கள், ஏரிக்கரையோரமாகவே சாலை, டுலூத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே அலைதடுப்புச் சுவர் மேல் நடந்து போனால் டாக்கில் கப்பல் ஏற்றுவதை நேராகப் பார்க்கலாம். கப்பல் வரும் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு, ஏப்ரலுக்குப் பிறகு போகட்டும், கையுறை அவசியம். வேகன் அடிக்கதவையும் தண்டவாளம் டாக்கில் ஏறும் இடத்தையும் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள், அனுப்பியதும் இங்கே போடுங்கள்.